படியூர் அக்வாமரீன்

பெரில் என்னும் கனிமத்தின் நீல வகைக்கு அக்வாமரீன் என்று பெயர். அதே கனிமம் பச்சையாக இருந்தால் மரகதம். திருப்பூர் மாவட்டத்தில், காங்கேயத்திலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் உள்ள படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்வாமரீனைத் தோண்டி எடுத்தார்கள். சுரங்கம் மூடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. ஆயினும் ஐரோப்பாவில் அச்சான ரத்தினக்கல் நூல்களில் காங்கேயம் என்ற ஊர்ப்பெயர் ஒரே ஒரு படிகத்தின் பெயரால் நிலைத்துவிட்டது. வைரத்துக்குக் கோல்கொண்டாவும் நீலக்கல்லுக்குக் காஷ்மீரும் பெற்ற புகழைப் படியூர் பெறவில்லை. தமிழ்நாட்டிலேயே பலருக்கு அந்த ஊரைக் கல்லோடு சேர்த்துத் தெரியாது.

பெரிலின் வேதியியல் அமைப்பு எளிதானது. 3 பெரிலியம் அணுக்கள், 2 அலுமினியம், 6 சிலிக்கான், 18 ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்தால் ஓர் அலகு. இவை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் அதன் அழகு இருக்கிறது. ஆறு சிலிக்கான் அணுக்கள் ஆக்சிஜனோடு கைகோத்து ஒரு வளையமாகின்றன. வளையத்தின் மேல் வளையமாக அடுக்கு உயர்ந்து போகிறது. 1926இல் பிராக், வெஸ்ட் என்ற அறிவியலாளர்கள் ஊடுகதிர் ஆய்வின் மூலம் இந்த அமைப்பைக் கண்டறிந்தார்கள். அணு அளவிலுள்ள அறுகோணம் கண்ணுக்குத் தெரியும் அளவிலும் அப்படியே வெளிப்படுகிறது: பெரில் படிகம் ஆறு பக்கம் கொண்ட நீண்ட பட்டகமாக, பெரும்பாலும் தட்டையான உச்சியோடு வளர்கிறது. பக்கங்களில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும்.

வளையங்களின் நடுவே படிகத்தின் நீளம் முழுக்கக் குழாய் போன்ற வெற்றிடங்கள் இருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகளும் சோடியம், சீசியம் போன்ற பெரிய அயனிகளும் அங்கே சிக்கிக்கொள்கின்றன. படிகம் எந்தத் திரவத்தில் வளர்ந்ததோ அந்தத் திரவத்தின் மாதிரி இப்படிக் கல்லுக்குள்ளேயே சேமிக்கப்பட்டுவிடுகிறது.

தூய பெரிலுக்கு நிறமில்லை. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு அயனி சிறிது கலந்தால் நீலம் வரும். மூன்று எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு கலந்தால் மஞ்சள். இரண்டும் சேர்ந்திருந்தால் கடல்நீரின் நிறம். மரகதத்தின் பச்சைக்குக் குரோமியமும் வனேடியமும் காரணம். பசுமை கலந்த கல்லைச் சுமார் 400 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மஞ்சள் தரும் இரும்பு நீலம் தரும் இரும்பாக மாறி, கல் தெளிந்த நீலமாகிவிடும். இன்று கடைகளில் விற்கும் அக்வாமரீனில் பெரும்பகுதி இப்படிச் சூடேற்றியதே. சூடேற்றியதா இல்லையா என்று ஆய்வகத்தில் சொல்வதும் பெரும்பாலும் இயலாது. ஆதலால் கடல்பச்சை நிறம் மாறாமல் இருக்கும் பழைய படிகங்களுக்குச் சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்பு உண்டு. தமிழ் நகைக்கடைகளில் இன்று வைடூரியம் என்று விற்கப்படும் பூனைக்கண் கல்லோ, பெயரில் பெரில் இருந்தாலும், கிரைசோபெரில் என்ற வேறு கனிமம். அதிலும் பெரிலியம் உண்டு என்றாலும் அறுகோண வளையங்கள் இல்லை.

பெரில் ஏன் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதற்குப் பெரிலியத்தின் அரிய தன்மையே முதல் காரணம். புவியோட்டின் பாறைகளில் பத்து லட்சம் கிராமுக்கு இரண்டு, மூன்று கிராம்தான் பெரிலியம். அதன் அயனி மிகச் சிறியது. ஃபெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற சாதாரணக் கனிமங்களின் கட்டமைப்பில் அதற்குப் பொருந்தும் இடம் கிடையாது. பூமிக்கடியில் கிரானைட் குழம்பு மெல்லக் குளிரும்போது சாதாரணக் கனிமங்கள் முதலில் உறைகின்றன. பெரிலியம், லித்தியம், போரான், சீசியம் போன்ற இடம் கிடைக்காத தனிமங்கள் எஞ்சிய குழம்பில் சேர்ந்துகொண்டே போகின்றன. கடைசியில் நீராவி நிறைந்த, எளிதில் ஓடக்கூடிய ஒரு திரவம் மிஞ்சுகிறது. அது சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் புகுந்து உறைந்தால் பெக்மடைட் என்ற பாறை. விரல் நீளம், சில சமயம் ஆள் உயரம்கூட வளர்ந்த கனிமங்கள் அதில் கிடைக்கும்.

பெக்மடைட்டில் கிடைக்கும் பெரிலெல்லாம் ரத்தினமாவதில்லை. பாறைக்குள் நெருக்கப்பட்டு வளர்ந்தது கலங்கி, விரிசலோடு, பால்நிறமாக இருக்கும். உள்ளே எங்காவது ஒரு பொந்து ஏற்பட்டு, அதன் சுவரிலிருந்து வெற்றிடத்தை நோக்கித் தடையின்றி வளர்ந்த படிகமே கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். முகங்களும் கூர்மையாக அமையும். படியூரில் நைஸ் என்ற உருமாறிய பாறையை ஊடுருவிச் சென்ற கிரானைட் நரம்பில், அல்பைட் என்ற வெண்ணிற ஃபெல்ட்ஸ்பாரின் பொந்துகளில் பெரில் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. நல்ல கல் கிடைப்பதற்கு வேண்டிய சூழல் இதுவே. பொந்துகள் எப்போதும் திட்டுத்திட்டாகவே அமையும் என்பதால் இத்தகைய சுரங்கம் நெடுநாள் நீடிப்பதும் அரிது.

காங்கேயம் வட்டாரத்தின் நிலவியல் இதற்கு ஏற்றது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிக் கிழக்கே காவிரி வரை நீளும் இந்தப் பகுதி, பழங்கால நிலத்தட்டுகள் மோதி இணைந்த தழும்பு. மிகப் பழைய நைஸ் பாறைகளுக்குள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரானைட்டும் பெக்மடைட்டும் பல இடங்களில் புகுந்தன. சங்ககிரி, திருச்செங்கோடு கிரானைட்டுகள் அந்தக் காலத்தவை. படியூரை அடுத்துள்ள சிவன்மலையோ இன்னொரு வகை: குவார்ட்ஸே இல்லாத, நெஃபலின் நிறைந்த சயனைட் பாறை. அங்கே குருந்தக் கல் கிடைக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் டி. எச். ஹாலந்து 1901இல் சிவன்மலைப் பாறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். சந்திரகாந்தக் கல், குவார்ட்ஸ் வகைகள், குருந்தம், பெரில் ஆகியவை ஒரே வட்டாரத்தில் அருகருகே கிடைப்பதற்கு இந்த இரு வகைப் பாறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதே காரணம்.

இந்தக் கற்களைத் தோண்டும் தொழில் ஆங்கிலேயர் காலத்தில் பிறந்ததன்று. படியூருக்கு வடக்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அகழாய்வு நடத்தியது. பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அப்பணியைத் தொடர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகளோடு மணி செய்யும் பட்டறைகளும் அங்கே வெளிப்பட்டன. பெரில், நீலக்கல், குவார்ட்ஸ், கார்னீலியன் ஆகியவற்றின் மூலக்கற்கள், உடைந்த சில்லுகள், பாதி செய்த மணிகள், துளையிடும்போது பிளந்துபோனவை என்று தொழிலின் எல்லாக் கட்டங்களும் மண்ணில் கிடந்தன. முடிந்த மணி எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பாதி செய்த மணியும் கழிவுச் சில்லும் கிடைத்தால்தான் தொழில் அங்கேயே நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இந்த ஊரே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நூல் அவ்வூரின் பெயரை அணிகலன்களோடு சேர்த்தே சொல்கிறது.

பெரிலின் கடினத்தன்மை மோஸ் அளவில் ஏழரை முதல் எட்டு வரை. குவார்ட்ஸைவிட அதிகம் என்பதால் மணலால் தேய்த்துப் பெரிலுக்கு மெருகேற்ற முடியாது. ஒன்பது கடினத்தன்மை உள்ள குருந்தப் பொடி அதைத் தேய்க்கும். மூலக்கல்லும் தேய்க்கும் பொடியும் ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் கிடைத்தது கொங்கு நாட்டின் பேறு.

ரோமானியர் இந்தக் கல்லை எப்படி விரும்பினார்கள் என்பதற்குப் எழுத்தாளர் பிளினியின் இயற்கை வரலாறு என்ற நூல் சான்று. கி.பி. 77 வாக்கில் முடிக்கப்பட்ட அந்நூலின் கடைசிப் பகுதி ரத்தினங்களைப் பற்றியது. பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது, கடல்பச்சை நிறத்ததே உயர்ந்தது, இந்தியர்கள் நீளமான கல்லை விரும்பித் துளையிட்டு யானை மயிரில் கோத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் அவர் எழுதுகிறார். கல்லின் மங்கலைப் போக்கக் கைவினைஞர்கள் ஆறு பட்டை தீட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அது இயற்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சிலர் கருதுவதையும் குறிப்பிடுகிறார். அந்தச் சிலர் சொன்னதே சரி. குவார்ட்ஸுக்குச் சாயமேற்றிப் பெரில் என்று விற்கும் வித்தையும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பேரரசர் டைட்டஸின் மகள் ஜூலியாவின் உருவத்தை யூவோடோஸ் என்ற கலைஞர் அக்வாமரீனில் செதுக்கிய முத்திரைக் கல் இன்றும் பாரிஸின் தேசிய நூலகச் சேகரிப்பில் இருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமி, பெரில் கிடைக்கும் இடம் என்று புன்னாட்டாவைச் சொல்கிறார். அது மைசூருக்குத் தெற்கே கபினிக் கரையில் இருந்த புன்னாடு என்பது பரவலான கருத்து. ஆனாலும் கோவை மாவட்டத்தில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்தபோது, 1842இல் வெள்ளலூரில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டது உட்பட, அன்றைய ஆய்வாளர்கள் உடனே படியூர்ச் சுரங்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். பெரில் வாங்க வந்த பணமே அது என்பது அவர்கள் முடிவு. இது பாதி உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்கும் கரூருக்கும் இடையே மிளகு, துணி, இரும்பு என்று எல்லாச் சரக்கும் போய்வந்தது. ஒரு சிறு சுரங்கத்தின் மேல் அத்தனை வெள்ளியையும் ஏற்றிவைப்பது மிகை.

நவீன காலத்தில் படியூர்ச் சுரங்கத்தைத் திறந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்தவர். 1819-20இல் அவர் நடத்திய சுரங்கத்திலிருந்து 2,196 கற்கள் கிடைத்தன என்றும் அவற்றின் மதிப்பு 1,201 பவுண்டு என்றும் பதிவாகியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு கல்லுக்குச் சராசரியாகப் பதினோரு ஷில்லிங்குக்கும் சற்றுக் குறைவு. அதாவது பெரும்பாலானவை சிறிய, சாதாரணமான கற்கள். சில பெரிய படிகங்களே மொத்த மதிப்பைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு கல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. காங்கேயத்திலிருந்து வந்த, குறையே இல்லாத, 184 கிராம் எடையுள்ள அக்வாமரீன். இன்றைய கணக்கில் 920 காரட். ஹோப் குடும்பத்துச் சேகரிப்பில் அது இருந்ததாகவும் 500 பவுண்டு கொடுத்து வாங்கப்பட்டதாகவும் 19ஆம் நூற்றாண்டின் கனிமவியல் நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே வந்தன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப் ஹோப் என்ற செல்வரிடம்தான் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ஹோப் நீலவைரமும் இருந்தது. ஹீத்தின் 2,196 கற்களுக்குக் கிடைத்த மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒற்றைக் கல்லின் விலை. ரத்தினச் சுரங்கத்தின் பொருளாதாரம் எப்போதும் இப்படித்தான் சாய்ந்திருக்கும். சராசரி வருமானத்தை நம்பி அதை நடத்த முடியாது.

அந்தக் காலத்தில் கொங்கு நாட்டிலிருந்து சென்னைக்குச் சரக்கு கொண்டுபோவதே பெரும்பாடு. நானூறு கிலோமீட்டருக்கும் மேல் மாட்டுவண்டிப் பயணம். சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, அலையைக் கிழித்துக்கொண்டு மசூலா படகுகள் சரக்கை ஏற்றிச் செல்லும். இராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856இல்தான். துறைமுகப் பணிகள் அதற்கும் பின்னால். பருத்தி, இரும்பு போன்றவற்றை இந்தச் செலவு விழுங்கிவிடும். ஒரு பைக்குள் அடங்கும் ரத்தினங்களை அது தொடாது. ஹீத் அடுத்துக் கைவைத்தது இரும்பில். சேலத்து இரும்புக் கனிமத்தை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஆலை தொடங்கினார். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்த முறையை ஷெஃபீல்டு ஆலைகள் எடுத்துக்கொண்டன. அவருக்கோ மிஞ்சியது நீண்ட வழக்கு. எஃகின் வரலாற்றில் அவருக்கு ஓரிடம் உண்டு. படியூர் அவருடைய வாழ்க்கையில் ஒரு சிறு அத்தியாயம்.

சுரங்கம் நீடிக்கவில்லை. கிணறு போல இறங்கும் குழியில் தண்ணீர் ஊறுவதும், நரம்பில் பொந்துகள் தீர்ந்ததும் வெறும் பாறையே எஞ்சுவதும் பெக்மடைட் சுரங்கங்களுக்கு வழக்கமான முடிவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட புவியியல் நூல்கள் படியூரைப் பழைய சுரங்கமாகவே குறிப்பிடுகின்றன. பின்னர் பிரேசில் சந்தைக்கு வந்தது. 1910இல் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் மரம்பாயாவில் 110 கிலோ எடையுள்ள ஒரே அக்வாமரீன் படிகம் கிடைத்தது. அத்தகைய வரத்துக்கு எதிரே, ஒரு கொங்குக் கிராமத்துக் குழியைத் தண்ணீர் இறைத்து மீண்டும் தோண்ட முதல் போடுவார் யாருமில்லை.

நிலத்தை ஆழத் தோண்டாமல் ஆற்றுப் படுகையில் அரித்தெடுக்கவும் வழியில்லை. இலங்கையின் இரத்தினபுரியில் மாணிக்கமும் நீலக்கல்லும் சரளைப் படிவுகளில் குவிவதற்கு அவற்றின் எடையே காரணம். அவை இரண்டும் குருந்த வகைகள்; குருந்தம் தண்ணீரைப்போல் நான்கு மடங்கு கனம். பெரிலோ 2.7 மடங்குதான், சாதாரண மணலுக்கு ஏறக்குறைய சமம். ஆறு அதை மணலோடு மணலாக அடித்துச் சென்றுவிடும். அது பிறந்த நரம்பிலேயோ, நரம்பு சிதைந்த வயல்மண்ணிலேயோதான் தேட வேண்டும்.

பெரிலின் இன்னொரு வாழ்க்கை அதனுள் இருக்கும் உலோகத்தால் அமைந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் 1798இல் பெரிலிலும் மரகதத்திலும் ஒரு புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். 1828இல் வோலரும் புஸ்ஸியும் தனித்தனியே அதை உலோகமாகப் பிரித்தார்கள். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்ததும் பெரிலியத்தின் மீது ஆல்ஃபா துகள்களை மோதவிட்டுத்தான். செம்போடு சிறிதளவு பெரிலியம் சேர்த்தால் எஃகுக்கு நிகரான வலிமை கிடைக்கும். ஆனால் தட்டினால் தீப்பொறி தெறிக்காது. எண்ணெய் ஆவியும் எரிவாயுவும் கசியக்கூடிய தொழிற்கூடங்களில் இத்தகைய பொறியெழுப்பாத சுத்தியலும் ஸ்பேனரும் உயிர்காக்கும் கருவிகள். 2021 டிசம்பரில் விண்ணுக்குச் சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி, பொன்பூசிய 18 பெரிலியத் தகடுகளால் ஆனது. ஆனால் பெரிலியத் தூள் கொடியது. சுவாசத்தில் சென்றால் சிலருக்கு நுரையீரலில் மாறாத நோயை உண்டாக்கும். முழுப் படிகத்தைக் கையில் எடுப்பதில் ஆபத்தில்லை. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வேலை செய்வதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

அணுசக்தியில் பயன்படுவதால் இந்தியாவில் பெரில் நெடுங்காலம் அணுக் கனிமங்களின் பட்டியலில் இருந்தது. 2023இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது லித்தியம், பெரிலியம் முதலான ஆறு கனிமங்கள் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றை ஏலத்தில் விடும் உரிமை மத்திய அரசிடம் வந்தது.

உலோகத்தை விட்டு மீண்டும் கல்லுக்கு வந்தால், சேகரிப்பாளர் ஒருவர் படிகத்தில் பார்ப்பது நகைக்கடைக்காரர் பார்ப்பதிலிருந்து வேறு. முகங்கள் முழுதாக இருக்கின்றனவா, உச்சி உடையாமல் இருக்கிறதா, அது வளர்ந்த தாய்ப்பாறை கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதா என்பவை அவருக்கு முக்கியம். பட்டை தீட்டிவிட்டால் இவையெல்லாம் அழிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் தேடுவது கல்லோடு சேர்ந்த, அது கிடைத்த ஊரைச் சொல்லும் சீட்டு. மூடிய சுரங்கத்தின் படிகத்துக்கு மாற்று கிடைக்காது. சீட்டு தொலைந்தால் அது உலகத்தின் எத்தனையோ நீலக் கற்களில் ஒன்றாகிவிடும். படியூர்க் கற்களுக்கு இந்த இழப்பு அதிகம். பழைய சீட்டுகள் ஊரை ஒன்றில் காங்கேயம் என்றும், மற்றொன்றில் பட்டாலி என்றும், பலவற்றில் வெறுமனே கோயம்புத்தூர் என்றும் சொல்கின்றன. வியாபாரிகள் கைமாற்றும்போது இந்தியா என்ற ஒற்றைச் சொல்லே மிஞ்சுவதும் உண்டு. கிரானைட் குவாரிகளும் வீட்டுமனைகளும் பெருகும் காங்கேயம் வட்டாரத்தில் பழைய தோண்டுகுழிகளின் இருப்பிடம், பாறை, கனிமம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்யும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு குழி மண்ணிட்டு மூடப்பட்ட பிறகு அதன் நிலவியலை மீட்க வழியில்லை.

இந்தப் பதிவுக்கு இன்று ஓர் அறிவியல் பயன் கூடியிருக்கிறது. படிகத்தில் கலந்துள்ள சீசியம், லித்தியம், சோடியத்தின் விகிதமும், ஆக்சிஜனின் ஐசோடோப்பு விகிதமும் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறுபடுகின்றன. 2000இல் வெளியான ஆய்வொன்றில், பிரான்சில் கிடைத்த ரோமானியக் காலத்துக் காதணியின் மரகதம் இன்றைய பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது என்று ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு காட்டினார்கள். லேசர்க் கற்றையால் கண்ணுக்குத் தெரியாத அளவு துகளை எடுத்துத் தனிமங்களை அளக்கும் முறையும் வந்துவிட்டது. கொடுமணலின் கழிவுச் சில்லுகளையும் ரோமானிய முத்திரைக் கற்களையும் இப்படி அளந்து ஒப்பிடலாம். அதற்கு ஒப்புநோக்கும் அளவுகோல் ஒன்று வேண்டும்: படியூரிலிருந்துதான் வந்தது என்று சீட்டு உறுதிசெய்யும் ஒரு படிகம், அல்லது அந்த நரம்பிலிருந்தே எடுத்த, முகம் உடைந்த ஒரு துண்டு.